குழப்பத்தைக் குழப்பமில்லாமல் எழுதுதல்

மூன்றாவது தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு வேங்கடசுப்ரமணியன் மறுபடி ஆரம்பித்தார். இரண்டு வாரமாகத் தண்ணீர் வராததால் எங்கள் கட்டடமே ‘அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்’ என்ற நிலையில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வார்டு ஆபீஸுக்கு விண்ணப்பம் போனால்தான் புதுக் குழாய் போடும் பட்டியலில் இந்தச் செம்பூர் சந்து சேரும். தவறினால் மழைக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அன்று புதன்.

வெறுமனே ‘குழப்பம்’ என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் ஸ்டெனோ. பிறர் சொன்ன வாக்கியங்களையே எழுதி ரிடையரானவர். இந்தத் தொடரை ஒரு மேனேஜர் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அகராதியையும் பார்த்துவிட்டார். சரியான பிரயோகம்தான்.

“தண்ணி வரலைன்னு எழுதினா போறாதோ?” என்றாள் மனைவி ஷ்யாமளா, காலிக் குடத்தைக் காலால் தள்ளியபடி.

“குழம்பியிருக்கோம்கறதைக் குழப்பமில்லாம சொல்லணுமோல்லியோ.”

கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. எட்டு வீட்டில் ரிடையரான குமாஸ்தாக்கள். எந்தக் கடிதமும் கோப்பில் ஏறி மாடி மாடியாகப் போகும். எல்லோரும் பென்சிலில் குறிப்பு எழுதி இனிஷியல் போட்ட பிறகே வெளியே போகும். வியாழனன்று இரண்டாம் மாடி அனந்த், மனிதர்கள் அப்படி இருக்கலாம், கட்டடம் இருக்கலாமா என்று கேட்டு எழுதினார். இருக்கலாம் என்று வேங்கடசுப்ரமணியன் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினார். அகராதிப் பக்கத்தின் ஜெராக்ஸை இணைக்கும்படி அனந்த் திருப்பி அனுப்பினார். இணைத்தார். வேலையில் இருந்த காலத்தில்கூட அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வெள்ளி நாலு மணிக்குக் கீழ் வீட்டு வந்தனா ஸ்கூட்டர் சாவியோடு வந்து நின்றாள்.

“குடுங்கோ மாமா. பத்து நிமிஷத்துல வார்டு ஆபீஸ்ல குடுத்துட்டு வரேன்.”

கோப்பு அவர் மடியில்தான் இருந்தது. மூன்றாம் மாடி ஜம்புவின் இனிஷியல் மட்டும் பாக்கி; அவர் முலுண்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

“ஜம்பு இன்னும் பாக்கலையேம்மா.”

“அவர் பாக்காட்டா தண்ணி வராதா?”

வேங்கடசுப்ரமணியன் கோப்பின் நாடாவை அவிழ்த்தார். கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு நாடாவைக் கட்டினார்.

சனிக்கிழமை ஜம்பு திரும்பி வந்து, ‘மிகப் பொருத்தமான பிரயோகம்’ என்று குறிப்பெழுதி இனிஷியல் போட்டார். பதினோரு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். பக்கத்துச் சந்து அதில் இருந்தது. அங்கே நஜிமுதீன் என்பவர் ஹிந்தியில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றரைக்குத் தண்ணீர் லாரி வந்தது. ஷ்யாமளா வரிசையில் ஒன்பதாவது. வேங்கடசுப்ரமணியன் இரண்டு வாளி தூக்கினார்.