சிடியில் வைத்த சந்தனப் பொட்டு

என் அக்கா பாடிய ஐந்து பாட்டுகள் ஒரே ஒரு சிடியில் இருந்தன. அவள் காலமான பிறகு, ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அதைப் புத்தகங்களோடு வைப்போம். பளபளக்கும் பக்கத்தில்தான் பாட்டு இருக்கிறது என்று எண்ணி, பெயர் எழுதிய மேல்பக்கத்தில் ஈரச் சந்தனம் வைப்பேன். வருஷம்தோறும் அதே இடத்தில்.

சென்ற வருஷம் என் மகள் பெரியம்மாவின் குரலைக் கேட்க ஆசைப்பட்டாள். மூன்றாவது பாட்டில் குரல் திக்கி நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வாசலுக்கு வந்து சிடியை வெளிச்சத்தில் பிடித்தார். பொட்டு வைத்த இடத்தில் வெள்ளிப் பூச்சு உதிர்ந்து, வட்டமாக வானம் தெரிந்தது. அதற்குள் ஒரு மேகம் மெதுவாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மாமி, பாட்டு இந்தப் பேர் எழுதுற பக்கத்துக்குத் தொட்டு அடியிலயாக்கும் இருக்கு. இது ஒண்ணை மட்டும் நம்பி இருக்கண்டா, கேட்டோ" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

நான்கு பாட்டுகள் மீண்டன. இப்போது அவை பென்டிரைவிலும் மகளின் கணினியிலும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். அத்தனை வருஷமும் வணங்கினோமே தவிர, ஒரு தடவையும் கேட்கவில்லை.

இந்த வருஷப் பூஜைக்குச் சந்தனம் வைக்கவில்லை. விஜயதசமி காலையில் அக்காவைப் பாட விட்டேன்.