வெளிச்சம் பட்ட ரோல்

சாமுவேல் அண்ணன் இறந்துவிட்டார். நேற்றுக் காலை விருதுநகரில் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயில் அடித்துவிட்டது.

முகம் பார்க்க விடவில்லை. துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்…

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. கல்யாண வீடியோ எடுப்பது அவர் பிழைப்பு. அதில் வரும் காசில் பிலிம் ரோல் வாங்கி, சாவி கொடுத்து ஓட்டும் பழைய கேமராவில் கதையே இல்லாத படங்கள் எடுப்பார். பாத்ரூம் வாளியில் கெமிக்கல் ஊற்றி பிலிமை அவரே கழுவுவார். காலேஜில் எக்ஸ்பெரிமெண்டல் ஃபிலிம் என்று எனக்குச் சொல்லித்தந்ததை அவர் "நம்ம கிறுக்கு" என்பார்.

அவர் மனைவி பிரேமா அக்கா நாரணாபுரம் ரோட்டில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்கிறார். நான் ஆமத்தூர்க்காரி. டிசைன் காலேஜிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்கு அக்காவிடம் போனேன்.

என் முதல் லேபிள்… கம்பி மத்தாப்புப் பிடித்துச் சிரிக்கும் குழந்தை. அண்ணன் அந்தப் பிரிண்டை எடுத்து ஒரு சரவெடியில் சுற்றி, ஆபீஸ் பின்பக்கம் கொண்டுபோய்ப் பற்றவைத்துவிட்டார்.

நான் பக்கத்தில் கிடந்த செங்கல் துண்டை எடுத்து எறிந்தேன். முழங்காலில் பட்டது.

"நல்லாத்தான் எறியிற" என்றார் நொண்டிக்கொண்டே. "இதே கோவத்தோட அந்தத் துண்டுகளப் பொறுக்கி ஒட்டு. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது வெடி. சிரிக்கிற புள்ள இல்ல."

"ஒங்க கிறுக்க அவளுக்கும் ஏத்தாதீக" என்று அக்கா சத்தம் போட்டார். ஆனால் நான் ஒட்டிமுடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "படம் எம்புட்டு வேணாலும் கிழியட்டும் தாயி. பேரு மட்டும் கிழியக் கூடாது. ரோட்டுல போறவன் வாசிக்கணும்."

அந்த லேபிள் சீசனுக்குக் கடைக்கு வந்தது. கரிந்த காகிதமும் பெரிய மஞ்சள் எழுத்துமாக…

அதே வருடம்தான் அந்த விபத்து.

அன்று மத்தியானம் அண்ணனும் நானும் ஒரு பட்டாசு யூனிட்டுக்கு வெளியே இருந்தோம். வேலிக்கு இந்தப் பக்கம் வேம்படியில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைகளில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மின்னியது. அண்ணன் அதைப் படம் எடுத்தார்.

அவர்கள் சாப்பிட்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் அறை வெடித்தது.

காது அடைத்துக்கொண்டது. அஸ்பெஸ்டாஸ் ஓடு ரோடு வரைக்கும் பறந்து வந்து விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த கேமராவை அப்படியே தரையில் வைத்துவிட்டு அண்ணன் உள்ளே ஓடினார்.

பின்கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே அலறல். கல்லால் அடித்து அடித்து அவர் கை கிழிந்தது, சங்கிலி விடவில்லை. கடைசியில் மரச்சட்டத்தையே உதைத்துப் பெயர்த்தார்.

அவரால் ஒருவரைத்தான் இழுக்க முடிந்தது. அடுத்த அறையும் வெடித்துவிட்டது.

அந்த அக்காவின் தலையை என் மடியில் வைத்திருந்தேன். நைலக்ஸ் சேலை உருகித் தோலோடு ஒட்டியிருந்தது. "எம் மகளுக்குப் பரிச்ச நடக்கு. இப்பச் சொல்லிராதீக" என்றார். லோடு வேனில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

வேன் கிளம்பியதுமே யூனிட் ஓனரின் ஆட்கள் சிலர் வந்தார்கள்.

"எவம்லே இங்கன வீடியோ எடுத்தது?"

"நாந்தான்" என்றார் அண்ணன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவரோடு வந்தவள் என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

இரும்புக் குழாயால் இடது பக்கத் தலையில் அடித்தார்கள். விழுந்தவரை மிதித்தார்கள். கேமராவைத் திறந்து ரோலை வெயிலில் உருவிப் போட்டார்கள். நான் கருவேல மரத்துக்குப் பின்னால் நின்று பிரேமா அக்காவுக்குப் போன் செய்தேன்.

அக்கா ஸ்கூட்டியில் வந்தார். வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு, குழாய் வைத்திருந்தவன் முகத்தில் ஹெல்மெட்டால் அடித்தார். அவன் மூக்கு உடைந்தது. கூட்டம் சேர்ந்ததும்தான் அவர்கள் விலகினார்கள்.

அண்ணனின் இடது காது போனது போனதுதான். கேஸ் இன்னும் நடக்கிறது.

நேற்று ரயில் வந்ததும் இடது பக்கத்திலிருந்துதான்…

மண்ணில் கிடந்த ரோலை அக்கா அள்ளிக்கொண்டு வந்திருந்தார். தலையில் கட்டோடு அண்ணன் அதைக் கழுவினார். "வெளிச்சம் பட்டதுல என்ன இருக்கப்போகுது, விடுங்கண்ணே" என்றேன். கேட்கவில்லை.

முக்கால்வாசி வெறும் வெள்ளை. வெடித்த பிறகு கேமரா தரையிலிருந்து எடுத்தது எல்லாமே போயிருந்தது. சுருளின் உள்வட்டம் மட்டும் தப்பியிருந்தது. அதுதான் முதலில் எடுத்தது. வேம்படி. என் மடியில் கிடந்த அந்த அக்கா, வாயில் சோற்றோடு சிரித்து, வெள்ளிக் கையை ஆட்டி "அங்கிட்டுப் போ" என்று கேமராவை விரட்டுகிறார். ஓரங்களில் வெள்ளை பொங்கிப் பொங்கி வருகிறது.

பரீட்சை முடிந்த பிறகு அந்த மகளைத் தேடிப் போனோம். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு, புரொஜெக்டர் வைத்து வீட்டுச் சுவரில் ஓட்டிக் காட்டினார். அந்தப் பெண் அழவில்லை.

"சத்தம் இல்லையாண்ணே?"

"இல்லத்தா. இந்தக் கேமராவுல சத்தம் வராது."

"சரி… இன்னொரு வாட்டி ஓட்டுங்க."

ஓட்டினார். திரும்பவும் கேட்டாள். இருட்டும் வரைக்கும் ஓட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ரோலை டப்பாவில் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார். வெளியூர் விழா ஒன்று அந்தப் படத்தைக் கேட்டது. "அது அந்தப் புள்ளயோடது" என்று சொல்லிவிட்டார்.

இன்று அடக்கம் முடிந்தது. அந்தப் பெண்ணும் வந்திருந்தாள்.

அண்ணனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "கல்யாண வீட்டுக்காரக தாயி. எடுத்து, வேற ஆளப் பாக்கச் சொல்லிரு" என்று பிரேமா அக்கா என் கையில் கொடுத்தார். எடுத்துச் சொன்னேன்.

போயிட்டு வாங்கண்ணே. அந்தச் செங்கல்லுக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.