எல்லைக் கள்ளி

முத்துத்தாய் தவசியின் பேரை முதன்முதலில் கேட்டது அறுபத்திரண்டாம் வருசம், பந்தல்குடி கிணற்றடியில். திருச்சுழிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய பெரியம்மா சந்தனம்மாள், பஸ்ஸைவிட்டு இறங்கிய கையோடு கிணற்றடிக்கு வந்து ஆரம்பித்துவிட்டாள்.

"கேட்டீகளாடி கூத்த? அங்க தவசின்னு ஒரு பய. வீட்டச் சுத்திக் கள்ளியா வச்சு வளக்கானாம். சோளத்தட்டக் கட்டோட போன ஒருத்தன் தெரியாம ஒரு கொம்ப ஒடிச்சுப்புட்டான். கடப்பாரயால தாடையில ஒண்ணு விட்டிருக்கான். மூணு பல்லு மண்ணுல கெடந்துச்சாம்."

"கள்ளிக்கா பெரியம்மா?"

"கள்ளிக்குத்தான். அவனுக்கு எவ கழுத்த நீட்டப் போறாளோ!"

கிணற்றடியே சிரித்தது. முத்துத்தாயும் குடம் தளும்பச் சிரித்தாள். அடுத்த தையில் அவள்தான் கழுத்தை நீட்டினாள். ஏழு ஏக்கர் கரிசல், கோடையிலும் ஊறுகிற கிணறு, பிக்கல் பிடுங்கல் இல்லாத ஒற்றை ஆள் என்று அண்ணன் அருஞ்சுனை சரி சொல்லிவிட்டான். தாயும் தகப்பனும் இல்லாத அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். "அந்தப் பல்லு விவகாரம்?" என்று அவள் கேட்டதற்கு, "ஆம்பளன்னா கோவம் இல்லாமலா இருக்கும்?" என்றான்.

தவசி வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி, சப்பாத்திக் கள்ளி என்று ஓட்டைப் பானை, உடைந்த தொட்டி எல்லாவற்றிலும் நின்றன. இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று தவசியே ஒருநாள் சொன்னான். அவனுக்கு ஒன்பது வயதில் ஊரில் பேதி கண்டது. ஒரே வாரத்தில் அப்பனும் ஆத்தாளும் போனார்கள். அந்த வருசப் பஞ்சத்தில் மாடும் போனது. "எங்க வீட்டுல சாகாம நின்னது குட்டிச்சுவத்துக் கள்ளி ஒண்ணுதான். அது பூத்துருந்துச்சு முத்துத்தாயி" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவன்மேல் வந்த இரக்கம்தான் அவளை ஆறு வருசம் அங்கே கட்டிப்போட்டது.

நாலு மைல், பத்து மைல் நடந்து போய்க் கொண்டுவருவான். ஒரு முறை காரியாபட்டிப் பக்கம் யாரோ வரிக்கள்ளி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயைக் கொடுத்துவிட்டு அதைத் தோளில் தூக்கி வந்தான். வேரோடு பெயர்க்கும்போது அடிமண்ணை ஒரு பிடிகூட உதிர விடமாட்டான். பிறந்த மண் கூடவே வந்தால்தான் கள்ளி புது இடத்தில் பிழைக்கும் என்பது அவன் நம்பிக்கை.

கல்யாணமான இரண்டாம் வருசம், வைக்கோல் படப்பில் மாடு வாய் வைக்கிறது என்று முத்துத்தாய் நாலு கள்ளிக் கொம்பை வெட்டி வேலி அடைத்தாள். தவசி கதவுத் தாழ்க்கட்டையை உருவி அடித்தான். இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் துடித்தபோது, அவன் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய் வெட்டுப்பட்ட கள்ளிகளின் வாயில் பால் நிற்கும்வரை அப்பிக்கொண்டிருந்தான். அந்தக் கை கோணலாகவே கூடியது.

அவள் பிறந்த ஊரில் அருஞ்சுனையின் காடும் பெரியப்பா மகன் மொக்கையனின் காடும் அடுத்தடுத்துக் கிடந்தன. தாத்தா காலத்தில் பாகம் பிரித்தபோது மூலையில் குழி தோண்டி, கரியும் பானை ஓடும் போட்டு மூடி, மேலே சதுரக்கள்ளி நட்டிருந்தார்கள். செடியை எவனாவது பிடுங்கினாலும் கரி அங்கேயே கிடக்கும். எங்கே கரி இருக்கிறதோ அதுதான் எல்லை. அந்தச் செடி ஒரு பக்கம் சேவல் கொண்டை மாதிரி மடிந்து மடிந்து விரிந்திருந்தது. அறுபத்தெட்டுப் பொங்கலுக்குப் போனபோது தவசி அதைப் பார்த்தான். சாப்பிட உட்காரவில்லை.

"மச்சான், அத எனக்குத் தாங்க."

அருஞ்சுனை சிரித்தான். "மாப்ள, அது எல்லைக் கள்ளி. எங்க தாத்தாவக் கூடத் தோண்டி எடுத்துட்டுப் போங்க. அதத் தொடாதீக."

அடுத்த வருசம் ஆவணியில் ஒரு மத்தியானம் தவசி சாக்குப் போட்டு மூடிய ஒரு சுமையை வண்டியிலிருந்து இறக்கினான். கொண்டைக் கள்ளி. "கமுதிப் பக்கம் கெடச்சுச்சு" என்றான். அண்ணன் காட்டில் இருப்பதைப் போலவே இருக்கிறதே என்று நினைத்தாலும், இப்படி ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காதா என்று முத்துத்தாய் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அருஞ்சுனையின் பெண்டாட்டி, மதினி முத்துமாரியம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். சேலையெல்லாம் ரத்தம்.

"ஒங்கண்ணன், மொக்கையன் மச்சானோட கைய வெட்டி எடுத்துட்டாக!"

காலையில் உழப்போன மொக்கையன் கள்ளி இல்லாமல் வெறும் குழியைப் பார்த்திருக்கிறான். குழியைக் கிளறினான். கரி இல்லை. அப்படியானால் இது எல்லைக் குழியே இல்லை, அருஞ்சுனை கள்ளியைப் பிடுங்கிவிட்டு மொக்கையனின் காட்டுக்குள் தள்ளிப் பொய்க்குழி தோண்டியிருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டான். வார்த்தை தடித்தது. மொக்கையன் மாடு ஓட்டும் தார்க்கம்பால் அருஞ்சுனையின் முகத்தைக் கிழித்தான். அருஞ்சுனை அரிவாளை வீசினான். மொக்கையனின் வலது கை தார்க்கம்பைப் பிடித்தபடியே உழவுச் சாலில் விழுந்தது.

"மொக்கையன் மச்சினமாரு லாரியில வாராகளாம். ஒங்கண்ணன் வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டுக் கெடக்காக. இன்னைக்குப் பொழுது தாங்காது முத்துத்தாயி."

முத்துத்தாய் முற்றத்து மூலைக்கு நடந்தாள். கொண்டைக் கள்ளியின் தூரில் கையைவிட்டு மண்ணைப் பறித்தாள். கை நிறையக் கரி. கரியோடு ஒரு பானை ஓடு.

தவசி பின்னால் வந்து நின்றான். "விடு அத."

"எங்கண்ணன் தலைய உருட்டப் போறாக. இந்தக் கரியக் காட்டுனாத்தான் நிப்பாக."

"அவுக வெட்டிக்கிட்டதுக்கு இது என்ன செய்யும்? நகருடி."

அவள் நகரவில்லை. பக்கத்தில் கிடந்த அரிவாளை எடுத்துத் தூரில் ஓங்கி வெட்டினாள். அவன் அலறிக்கொண்டு விழுந்து செடியைக் கட்டிப்பிடித்தான். இரண்டாம் வெட்டில் கொண்டை பிளந்து பால் அவன் முகத்தில் பீறியது. பால் பட்ட கையாலேயே இரண்டு கண்ணையும் தேய்த்தான். பிறகு தரையில் உருண்டான். முத்துத்தாய் ஒரு குடம் தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றினாள். மண்கட்டியை முந்தியில் கட்டிக்கொண்டு, அவன் கத்தல் கேட்கக் கேட்கப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

பந்தல்குடியில் அண்ணன் வீட்டுக் கதவைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார்கள். முத்துத்தாய் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், மொக்கையன் பெண்டாட்டி குருவம்மாளின் காலடியில் முந்தியை அவிழ்த்துக் கொட்டினாள்.

"மதினி, எல்லையில போட்ட கரி. எடுத்தது எம் புருசன். எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது, மொக்கையண்ணனுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஏமாந்துட்டாக."

குருவம்மாள் குனிந்து கரியைப் பார்த்தாள். பானை ஓட்டைப் புரட்டினாள். "கோடாலியப் போடு" என்றாள் தம்பியிடம்.

அந்தத் தம்பி தனுஷ்கோடி முத்துத்தாயை ஓர் அறை விட்டான். "அப்ப ஒம் புருசன் தலையக் குடு."

"போயி எடுத்துக்கிடுங்க. கண்ணு ரெண்டும் வெந்து கெடக்காரு. இந்தக் கதவ விட்டுருங்க."

லாரி திருச்சுழிப் பக்கம் திரும்பியது. அங்கே தவசி முற்றத்தில் தவழ்ந்து, வெட்டுப்பட்ட தூரைத் தடவித் தேடிச் சாம்பல் அப்பிக்கொண்டிருந்தான். தனுஷ்கோடி அரிவாளை ஓங்கிவிட்டு நிறுத்தினான். "இவன என்னத்த வெட்ட? கள்ளிய வெட்டுங்கடா." முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நூற்றுச் சொச்சம் கள்ளியையும் வெட்டினார்கள். ஒவ்வொரு வெட்டுச் சத்தத்துக்கும் தவசி, "அய்யோ, திருகு… அய்யோ, காரியாபட்டிக்காரி…" என்று பேர் சொல்லி அலறினான். முற்றம் முழுக்கப் பால் ஓடியது.

அருஞ்சுனைக்கு ஆறு வருசம் தண்டனை. அவன் திரும்பி வருவதற்குள் மொக்கையன் இடது கையால் மேழி பிடிக்கப் பழகியிருந்தான். எல்லையில் இப்போது கல் நிற்கிறது, கீழே அதே கரி. திருச்சுழிப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு முத்துத்தாய் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். பார்வை போன தவசியையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது அவள்தான்; அந்தப் பழைய இரக்கம் அவளை விடவில்லை.

தவசி இப்போது பந்தல்குடியில், அருஞ்சுனையின் மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய அறையில் இருக்கிறான்.