அலிப்பூரில் முழுப் புத்தகமும் வாசித்த நாள்

“…நான் கூண்டுக்கு வெளியே நின்னு இங்கிலீஷ் பேசுதேன். அந்த மனுஷன் உள்ளே நின்னு வேர்த்து வடியுதார். இது எந்த ஊர் நியாயம்வே?”

அலிப்பூர் கோர்ட்டு வராந்தாவில், மத்தியான இடைவேளையில், எங்கள் வக்கீல் அண்ணாச்சி இப்படிக் கேட்டதும் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வங்காளத்துப் பவானிபூருக்குக் குடிவந்தவர். வழக்கு பாதி, எழுத்து பாதி என்று வாழ்ந்தவர். வாயைக் கட்டுகிற சட்டம் கூடாது என்று சின்னதாக ஓர் இங்கிலீஷ் புத்தகம் எழுதினார், பெயர் போடவில்லை. டைப் அடித்தவன் நான். ஆனால் அச்சடித்தவர் பெயர் புத்தகத்தில் இருந்தாக வேண்டுமே, அதுதான் சட்டம்! சர்க்கார் அச்சக முதலாளியைப் பிடித்தது. அவருக்கு வாதாட வந்து நின்றவரோ, எழுதிய ஆளேதான்.

“வாயைத் திறந்தா வக்கீல் சன்னது போயிரும் அண்ணாச்சி. அப்புறம் எந்தக் கோர்ட்டுலயும் நிக்க முடியாது” என்றேன்.

“உம்ம மதினியும் அதைத்தான் சொன்னா. ‘சொல்லணும்னா சொல்லிருங்க. சொல்லிட்டு வீட்ல வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது’ன்னா.”

அச்சக முதலாளி வங்காளி, இளைப்பு நோய்க்காரர். ஜெயிலில் ஒரு மழைக்காலம் அவர் தாங்க மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். கான்ஸ்டபிள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார். “இடிக்கிற அளவுக்கு மழை பெய்யாது, பாபு” என்று அவர்கள் சொலவடை ஒன்றை எடுத்துவிட்டார். “நீங்கள் எழுதுங்கள், ஜெயிலுக்கு நான் போகிறேன். அங்கேயும் அச்சு மிஷின் இருக்கிறதாம்!” சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

கோர்ட்டு மறுபடி கூடியது. சர்க்கார் வக்கீல் நாலே வரியைப் பொறுக்கி வாசித்து, ராஜதுரோகம் என்றார். அண்ணாச்சி துள்ளி எழுந்தார். “முள்ளை மட்டும் காட்டி மீனுக்கு விலை பேசுகிறார்! முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.”

நீதிபதி துரை தலையசைத்தார். “நீரே வாசியும்.”

அடடா, அது வாசிப்பா! வெளியே யாரும் வைத்திருக்கவே பயந்த புத்தகம் சர்க்கார் கூரையின் கீழேயே முழங்குகிறது! ஜன்னலெல்லாம் தலைகள், டவாலிச் சேவகர்கள்கூட வாசலில் நெருக்கியடித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷத்தில் அண்ணாச்சிக்கும் தன்னை மறந்துபோயிற்று. கண் கூட்டத்தின் மேல், குரலோ நிற்கவில்லை. புத்தகம் முதல் பக்கத்தில் திறந்தபடியே இருக்க, அவர் மூன்றாம் அத்தியாயத்தில் போய்க்கொண்டிருந்தார்!

“நண்பர் பக்கமே புரட்டவில்லையே?” என்றார் சர்க்கார் வக்கீல். கோர்ட்டு கொல்லென்று சிரித்தது.

துரை சிரிக்கவில்லை. “இது உமக்கு எப்படி மனப்பாடம்?”

கூண்டுக்குள்ளிருந்து முதலாளி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அண்ணாச்சி கறுப்பு அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நேரே போய்க் கூண்டின் கதவைத் திறந்து, வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, “கொஞ்சம் தள்ளுங்கள், தாதா” என்று அவர் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டார்.