ஒன்றாம் நம்பர் பொத்தான்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு காலை. சாத்தான்குளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில், கையில் நாற்பது பக்க நோட்டும் பேனாவுமாகக் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். பழைய கார் ஒன்றை விலை பேசுவதற்காகப் பாளையங்கோட்டையிலிருந்து போயிருந்தேன்.

நான் பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். அதில் பத்தொன்பது வருடம் தாமிரபரணி அணைக்கட்டுகளில் தண்ணீர் மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் பிரிவில் கழிந்தது. அதனாலோ என்னவோ, எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் வீட்டு மாடிக்குப் பதினெட்டு படி. தெரு முனை வரை ஏழு மின்கம்பம். இது ஒரு வியாதி என்பாள் என் மனைவி.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பாபநாசம் ரோட்டில் எங்கள் ஜீப்பை ஒரு கார் முந்திக்கொண்டு போனது. கூரை இல்லாத கார், இரண்டே சீட். எங்கள் ஜீப்புக்குள் அப்போது ஒன்பது பேர். அந்தக் கார் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அந்த ஆசை என்னை விட்டுப் போகவில்லை. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து, வீட்டுக் கடனும் முடிந்து, அறுபத்தாறு வயதில் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியபோது மனம் திரும்ப அங்கேயே போய் நின்றது. அந்த மாதிரிக் கார் புதிதாக வாங்க என் போன்றவனால் ஆகாது. பழைய கார் தரகர் ஒருவர்தான் சாத்தான்குளத்தில் ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஜெர்மன் தயாரிப்பு, பன்னிரண்டு வயது. கருநீலம். பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய்விடும்.

சொந்தக்காரருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அதிகம் பேசவில்லை. ஷெட்டுக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். ஏன் விற்கிறார் என்று கேட்டேன். வீட்டில் ஓட்ட ஆளில்லை என்றார். பையன் வெளிநாடு போயிருப்பான், அவசரத்தில் விற்கிறார், விலையைக் குறைக்க இதுதான் சமயம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

பிறகு பழுதுகளை எண்ண ஆரம்பித்தேன். டயரில் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இடது கதவில் நாலு கீறல். கண்ணாடி ஏறும்போது முனகல். ஒவ்வொன்றையும் அவர் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்லி நோட்டில் எழுதினேன். இருபத்திரண்டு முடிந்ததும் ஓட்டுநர் சீட்டில் இறங்கி உட்கார்ந்தேன். அந்தக் காரில் ஏறுவது என்று சொல்ல முடியாது, கிணற்றில் இறங்குவது மாதிரிதான் இறங்க வேண்டும். கதவின் உட்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்ட சின்னப் பொத்தான்கள் இருந்தன. ஒன்றாம் நம்பரை அழுத்தினேன்.

சீட் என்னைத் தூக்கிக்கொண்டு தானாகப் பின்னால் போக ஆரம்பித்தது. போய்க்கொண்டே இருந்தது. என் கால் பெடலை விட்டு விலகி அந்தரத்தில் நின்றது. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் தாமாகத் திரும்பி ஷெட்டின் தகரக் கூரையைக் காட்டின. பயந்து போனேன். இரண்டையும் மூன்றையும் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. 'இருபத்து மூன்று: சீட் தானாகப் பின்னால் போகிறது' என்று எழுதினேன்.

அதுவரை ஓரமாக நின்றவர் கதவருகே வந்தார். "அது பழுதில்ல அண்ணாச்சி. அது அப்படித்தான் போவும்" என்றார்.

விற்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கப் போனேன். மொத்தம் முப்பத்தொரு பழுது. கடைசியில் நோட்டை முதலிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மார்க்கை வாசிக்கும்போது தகப்பன் நிற்பதுபோல நின்று கேட்டார். நான் கேட்ட விலைக்கே சம்மதித்தார். "உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்திருந்தால், முன்னறையிலேயே எல்லாம் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி காரை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். "உள்ள இறங்கத் தெரிஞ்சிட்டு. வெளிய தூக்கி விடதுக்கு ஆரக் கூப்பிடப் போறிய?" என்றாள்.

காரோடு கையேடு வரவில்லை. இன்டர்நெட்டில் தேடி, ஜெராக்ஸ் கடையில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அச்செடுத்து அன்று சாயங்காலமே உட்கார்ந்து படித்தேன். இருபத்து மூன்றாவது பழுது பழுதே அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. ஒருவர் தனக்கு வசதியாகச் சீட்டையும் கண்ணாடிகளையும் வைத்துக்கொண்டு ஒரு நம்பரில் பதிந்துவிட்டால், வேறு யார் மாற்றினாலும் அந்த நம்பரை அழுத்தியதும் பழையபடி வந்துவிடும். மூன்று பேருக்கு மூன்று நம்பர். ஒன்றில் மட்டும் யாரோ பதிந்திருந்தார்கள்.

நான் ஐந்தடி மூன்று அங்குலம். சீட்டை முன்னால் கொண்டுவந்து உயர்த்தி, கண்ணாடிகளைத் திருப்பி, பதிவுப் பொத்தானையும் ஒன்றாம் நம்பரையும் அழுத்தினேன். ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இரண்டில் பதிந்திருக்கலாம். ஆனால் கார் என்னுடையது, முதல் நம்பர் சொந்தக்காரனுக்குத்தான் என்று தோன்றியது. நோட்டில் இருபத்து மூன்றைச் சிவப்பு மையால் அடித்தேன். முதலில் சரியான பழுது என்று எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

மற்றவை அவ்வளவு சுலபமாகச் சரியாகவில்லை. ரேடியேட்டர் ஒழுகியது. கூரை பாதி மடிந்து, அம்பாசமுத்திரம் கடைவீதியில் எல்லாரும் பார்க்க, தூறலில் அப்படியே நின்றது. அதற்கான மோட்டார் வந்து சேரப் பதினேழு நாள். எங்கள் வீட்டிலிருந்து அம்பாசமுத்திரம் வரை முப்பத்தெட்டு வேகத்தடைகள். அதில் பதினொன்றில் வயிறு உரசும் என்பதால் அங்கெல்லாம் காரைச் சாய்வாகத் திருப்பிப் பைய ஏற்ற வேண்டும். பின்னால் வரும் லாரிக்காரர்கள் என் குடும்பத்தையே விசாரிப்பார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக், வேறு யாரும் கைவைக்கப் பயந்த வண்டியைத் துணிந்து பார்த்தவர், ஒரு நாள் என்னிடம் நேராகவே சொன்னார்: "சார், இத ஓட்டணும்னு நினைக்காதிய. வெளக்கேத்திக் கும்பிட்டுக்கிடுங்க."

இந்த எரிச்சலில் நான் இருந்தபோதுதான் சாத்தான்குளத்துக்காரர் போன் செய்தார். வண்டி எப்படி ஓடுது என்று கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு நெருடியது. குறைத்து விற்றுவிட்டோம் என்று மேற்கொண்டு பணம் கேட்கப் போகிறாரோ என்ற பயத்தில், ஒழுகலையும் கூரையையும் பற்றி அவர் தலையில் புகாராகக் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். அப்போதும் அதே கேள்வி, என்னிடமிருந்து அதே பதில். மூன்றாவது முறை கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. மொத்தம் மூன்று முறைதான் கூப்பிட்டார்.

மறு வருடம் ஆனி மாதம். மேற்கே மலையில் சாரல் விழுந்து, ஊரில் காற்று குளிர்ந்திருந்த ஒரு காலையில், கேட் அருகே அவர் நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் கருப்பட்டி. பணம்தான் கேட்கப் போகிறார் என்று எண்ணி, என்ன பதில் சொல்வது என்று வாசலுக்கு நடக்கும்போதே யோசித்து வைத்துக்கொண்டேன்.

அவர் கேட்டது வேறு. ஒரு தடவை வண்டியில் உட்கார்ந்துகொள்ளலாமா என்றார். சாவி எடுத்து வருகிறேன், ஒரு சுற்று போய்வரலாம் என்றேன். ஓட்ட வேண்டாம் என்றார். தானே இடது கதவைத் திறந்து, சிரமப்பட்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். ஓட்டுநர் பக்கம் காலியாக இருந்தது; முந்தின நாள் உள்ளே துடைப்பதற்காக அந்தச் சீட்டைப் பின்னால் தள்ளி விட்டிருந்தேன். நான் அந்தப் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

"எம் மவன் ஆறடி உயரம் அண்ணாச்சி" என்று முன்கண்ணாடியைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். ஒரே மகன். பதிவு மட்டும் அப்பா பெயரில் இருக்க, வண்டி அவனுடையது. சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் பதினொரு நாளில் போய்விட்டான். அவன் படம் மாலையோடு முன்னறையில் இருக்கிறதாம். அதன் பிறகு தினம் காலையில் ஷெட்டைத் திறந்து, சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துவாராம். சீட் தானாகப் பின்னால் போய் மகன் உட்காரும் இடத்தில் நிற்கும். இடது பக்கம் வந்து சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைக்குப் போவார். இவர் ஷெட்டுப் பக்கம் போனாலே அவனுடைய அம்மாக்காரி சாப்பிடாமல் கிடந்ததால்தான் வண்டியை விற்க வேண்டி வந்தது.

"அந்த ஒண்ணாம் நம்பர அமுக்குங்க. போதும்" என்றார்.

என் கை கதவிலேயே இருந்தது. அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தே பொத்தானை அழுத்தினேன்.

சீட் முன்னால் வந்தது. ஸ்டியரிங்கை ஒட்டி வந்து, ஒரு குட்டை மனிதனுக்காக உயர்ந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரி மாத்துனோம். அதுல பழசு அழிஞ்சிட்டு போல. பொறவு எனக்கு வச்சது இது" என்றேன்.

தை மாதத்தில் பேட்டரி மாற்றியது உண்மைதான். அதனால் பொய் சரளமாக வந்துவிட்டது. அவர் நம்பினார். நம்பியது மட்டுமல்ல, என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கே சமாதானம் சொன்னார். "மிஷினுதான, என்ன செய்ய. நீங்க சங்கடப்படாதிய."

பொறுக்க முடியாமல் நான் அந்த சீட்டில் உட்கார்ந்து, விசையைப் பிடித்துப் பின்னால் நகர்த்தினேன். பார்த்துச் சொல்லுங்கள், அந்த இடத்தில் நிறுத்துகிறேன் என்றேன். அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் என்றார். நகர்த்தினேன். கொஞ்சம் முன்னால் என்றார். மறுபடி பின்னால். வெகு நேரம் சீட்டையும் என் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியல அண்ணாச்சி" என்றார். "வேகமாப் போவான், எனக்கு பயம். அவன் ஓட்டும்போது நான் ரோட்டத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதற்குமேல் இருவரும் முயற்சி செய்யவில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்து, என் மனைவி கொடுத்த காப்பியை மறுக்காமல் குடித்தார். பஸ் நிலையம் வரை கொண்டுவிடுகிறேன் என்றதற்கு, டவுன் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று நடந்து போனார். தெரு முனையில் ஏழாவது கம்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் போனதும் அந்த நாற்பது பக்க நோட்டைத் தேடி எடுத்தேன். டயரின் தேய்மானத்தை மில்லிமீட்டரில் எழுதியிருந்தேன். கீறல்களின் நீளத்தைக்கூட அளந்திருந்தேன். சீட் எவ்வளவு தூரம் பின்னால் போனது என்று மட்டும் எழுதவில்லை. 'பின்னால் போகிறது' என்பதோடு சரி. பத்தொன்பது வருடம் ஆற்றின் மட்டத்தைச் சென்டிமீட்டர் பிசகாமல் குறித்தவன், அளக்க வேண்டிய ஒன்றை அளக்காமல் விட்டிருக்கிறேன்.

அன்று இருவருமாக யூகித்து நிறுத்திய இடத்தை இரண்டாம் நம்பரில் பதிந்து வைத்திருக்கிறேன். அது சரியான இடம் அல்ல என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ரேடியேட்டர், மோட்டார், டயர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. காசு கொடுத்தால் எந்த சாமானும் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடுகிறது. முப்பத்தொன்றில் காலணா செலவில்லாமல், பத்து நொடியில் நான் சரி செய்தது அந்த இருபத்து மூன்றாவதை மட்டும்தான்.

சாத்தான்குளம் போய் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று இதுவரை நாலு முறை கிளம்பி, நாலு முறையும் திரும்பிவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணாச்சி, அது பேட்டரி இல்லை, நான்தான். இரண்டு காலியாக இருந்தது, மூன்றும் காலியாக இருந்தது. அப்படியிருந்தும் உங்கள் மகன் உட்கார்ந்திருந்த இடத்தையே எனக்கென்று எடுத்துக்கொண்டேனே என்பதை, ஒவ்வொரு முறை அந்தக் கதவைத் திறக்கும்போதும் என் கை நினைத்துக்கொள்கிறது.