மாதா வருமுன்னே முடிந்த பாட்டு

ஒரு மனிதனை நடுக்கடலில் மூழ்கவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கி, குனிந்து வணக்கமும் சொன்னவன் நான். அதுவும் ஒரு தேவாலயத்துக்குள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. வார நாட்களில் லாசால் பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பனியொன்றில் கணக்கு எழுதினேன். வார இறுதிகளில், எங்கள் ஆட்கள் நிறைய வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிப் பிள்ளைகளின் நடன நிகழ்ச்சிகளுக்கு மிருதங்கம் வாசித்தேன். நல்ல வித்துவானுக்கு வேறு நிகழ்ச்சி இருந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். சுமாரான வித்துவானுக்குக் காய்ச்சல் வந்தாலும் கூப்பிடுவார்கள்.

அப்படியொரு நிகழ்ச்சியைப் பார்க்க வந்திருந்த கியூபெக் பெண்மணி ஒருவர், முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். எண்ணூறு வருடப் பழைய ஐரோப்பியப் பாட்டுகளைப் பாடுகிறவர். கூட வாசிக்க இரண்டு பேர்: ஒருவரிடம் வயலினின் பாட்டன் போன்ற ஒரு வில்வாத்தியம், மற்றவரிடம் லூட் என்ற வயிறு பெருத்த நரம்பு வாத்தியம். தாளத்துக்குத்தான் ஆள் இல்லை. “ஒரு கச்சேரி வாசித்துப் பாருங்கள், சரிவந்தால் தொடர்ந்து இருக்கலாம்” என்றார். ‘தொடர்ந்து’ என்ற சொல்லோடு நான் விழுந்துவிட்டேன். இன்னொருவர் வராததால் கிடைத்த இடமல்ல. எனக்கென்றே ஒரு இடம்.

“காசு குடுத்து உள்ளை வாற சனம்,” என்றாள் மனைவி. “எங்கடை ஆக்கள் மாதிரிப் பொறுக்க மாட்டினம். பாத்து வாசியுங்கோ.”

முதல் ஒத்திகையிலேயே பாடகி என் மிருதங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, கஞ்சிராவின் பெரியப்பா போன்ற ஒரு வட்டமான மேளத்தைக் கையில் தந்தார். இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். பழைய தோல் ஏட்டில் மெட்டு மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு வேகம், மேளம் உண்டா இல்லையா, எதுவும் தெரியாது.

“அப்ப நாங்கள் செய்வது என்ன?” என்று என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன்.

“மரியாதையாக ஊகிக்கிறோம்” என்றார். “நீங்களும் ஊகியுங்கள். கொஞ்சமாக.”

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். பாவங்கள், மரபு இடையில் அறுந்துபோனவர்கள். எங்களுடையது கைமாறிக் கைமாறி வந்ததல்லவா? வீட்டுக்குத் திரும்பும்போது மெட்ரோவில் அந்தப் பெருமிதத்தில் கொஞ்சம் கழன்றது. எண்ணூறு வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒருவன் எப்படித் தட்டினான் என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? நாங்களும் ஊகிக்கிறோம். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தேவாலயத்தில் நடந்த அந்தக் கச்சேரியின் கடைசிப் பாட்டு ஒரு அற்புதக் கதை. மாதாவைத் திட்டிய தோணிக்காரன் ஒருவன் புயலில் மூழ்குகிறான். மனைவி கரையில் நின்று அழுது மன்றாட, மாதா வந்து அவனைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கிக் கரைசேர்க்கிறாள். சரணத்துக்குச் சரணம் அதே பல்லவி. பாஷை எனக்குப் புரியாது, சபையோருக்கும் புரியாது. அவர்கள் கையில் மொழிபெயர்ப்புத் தாள் இருந்தது.

எங்கள் சபையென்றால் ஒருவர் தொடையில் தாளம் போடுவார், ஒருவர் தலையாட்டுவார், பின்வரிசையில் யாராவது “ஆகா” என்பார். இங்கே எல்லோரும் குளிர்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பல் வைத்தியரிடம் முறை வரக் காத்திருப்பவர்கள் போல அசையாமல் இருந்தார்கள். நான் சரியாக வாசிக்கவில்லை, என் ‘தொடர்ந்து’ போய்விட்டது என்றே நினைத்தேன். ஆகவே தோணிக்காரன் மூழ்கும் சரணம் முடிகிற இடத்தில், எங்கள் ஆட்கள் பாடகரை உற்சாகப்படுத்தச் செய்வதைச் செய்தேன்: ஒரே கோர்வையை மூன்று முறை அடித்து, கடைசி அடியைப் பல்லவி தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் விழுத்தினேன். எங்கள் பாடகர் என்றால் சிரித்தபடி பல்லவியைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருப்பார்.

இவர்கள் நிறுத்திவிட்டார்கள். வில் நின்றது, லூட் நின்றது, பாடகி திறந்த வாயோடு என்னைப் பார்த்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. நானும் குனிந்தேன்.

அந்தக் கோர்வையின் அர்த்தத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் மூன்றாவது முறை அடித்தபோதே எல்லோருக்கும் ஏதோ முடிந்தது என்று தெரிந்துவிட்டது. அதைப் பற்றி இன்றைக்கும் யோசிக்கிறேன். என் கை ஊகித்ததை முன்பின் தெரியாத சனம் ஊகித்துக்கொண்டது, எண்ணூறு வருடப் பாட்டொன்றின் குறுக்கே. அந்தப் பெருமையை அனுபவிக்க முடியாமல் செய்தது முன்வரிசைக் கிழவர் ஒருவர்தான். கைதட்டிய பிறகு தாளைத் திருப்பி, மீதிக் கதையை விரலால் தேடிக்கொண்டிருந்தார்.

பாடகி அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்து, தொடர்ந்து இருக்கலாம் என்றார். ஆனால் கதைப் பாட்டுகளுக்கு வேண்டாம். நடன மெட்டுகளுக்கு மட்டும்.

குசினிக்குப் போய், தோணிக்காரன் மூழ்கிய கதையை ஏற்கெனவே கேட்டிருந்த மனைவியிடம் சொன்னேன். நிரந்தர இடம் என்றேன். நடன மெட்டு என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

“நல்லது. ஆடுறவைக்கு நீந்தத் தெரியுமோ எண்டு ஒருக்காக் கேட்டு வையுங்கோ.”