மாதாவுக்கு வைத்த கொத்து

மகளுக்குத் தேனியில் இரண்டு நாள் தேர்வு. டவுனில் எந்த லாட்ஜிலும் இடமில்லை. வேறு வழியில்லாமல்தான் ஆற்றுக்கு அக்கரைக் கிராமத்தில், ஆரோக்கியம் அக்கா தன் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி நடத்தும் சின்ன விடுதியில் தங்கினோம்.

விடிந்து பார்த்தால், மலையில் பெய்த மழையில் முல்லையாறு பெருகித் தரைப்பாலம் மூழ்கிக் கிடந்தது. தேர்வுக்கு எப்படிப் போவதென்று தெரியவில்லை. மகள் இட்லியைத் தொடவே இல்லை.

அன்றுதான் திராட்சை வெட்டு தொடங்கியிருந்தது. வாசலில் மினி லாரியில் பழப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஓடிவந்தார். "ஏத்துனது போதும், நிறுத்துங்க! தங்கச்சி, வண்டியில ஏறு. எங்க வீட்டுக்காரவுக பெரிய பாலத்தச் சுத்திக் கொண்டுபோய் விட்ருவாக."

பாதி லோடோடு வண்டி கிளம்பியபோது, ஜன்னல் வழியே ஒரு திராட்சைக் கொத்தை மகள் மடியில் வைத்தார். வெட்டின முதல் கொத்து அது. அதை மாதா படத்துக்கு முன்னால் வைக்காமல் அந்த வீட்டில் யாரும் ஒரு பழம்கூட வாயில் போட மாட்டார்கள். முந்தின நாள் அவரே சொன்னது.

"ஐயோ அக்கா, இது மாதாவுக்கு..."

"புள்ள வெறும் வயித்தோட பரீட்சைக்குப் போனா மாதா என்னையத்தான் வைவாக. தின்னு ஆத்தா."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் டவுனில் அறை காலியாக இருந்தது. மகள் மாதாவுக்கென்று ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டாள். பெரிய பாலத்தைச் சுற்றி அக்கரைக்கே திரும்பினோம்.

என் வீட்டுச் சாமிக்கென்று எடுத்து வைத்ததை, நேற்று வந்த யாரோ ஒருவர் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு மனசு வருமா? வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனேன்.